சமன்செய்த பனிச்சரிவுக்குக் குறுகலான கார்விங் ஸ்கீ: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

காலை எட்டரை மணி. இரவு முழுக்க இயந்திரம் ஓடிச் சமன்செய்த சரிவு, கார்டுராய் துணியைப் போல வரிவரியாக உங்கள் முன்னே கிடக்கிறது. இன்னும் யாரும் கால் வைக்கவில்லை. பனிச்சறுக்கில் கொஞ்சம் தேறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் பறந்து வருகிறோம் என்பார்கள்.

ஆனால் முதல் திருப்பத்திலேயே ஸ்கீ பிடிமானம் இல்லாமல் பக்கவாட்டில் வழுக்குகிறது. "நான் நல்லாதானே சறுக்குவேன், இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று தோன்றும். பல நேரம் குறை கால்களில் இல்லை. வாடகைப் படிவத்தில் 'தேர்ந்தவர்' என்று குறித்ததும் கடையில் எடுத்துக் கொடுத்த அகலமான ஸ்கீயில் இருக்கிறது.

'தேர்ந்தவர்' என்ற ஒரு சொல்லை வைத்து ஸ்கீயைத் தேர்ந்தெடுக்க முடியாது. நீங்கள் எவ்வளவு பெரிய திருப்பம் போடுகிறீர்கள், எந்த வேகத்தில் போகிறீர்கள், அடியில் இருக்கும் பனி எப்படிப்பட்டது? இந்த மூன்றும்தான் முக்கியம்.

சுருக்கமாகச் சொன்னால்:

• சமன்செய்த, கெட்டியான சரிவுக்கு இடுப்பு அகலம் 65 முதல் 72 மில்லிமீட்டர் வரை உள்ள ஸ்கீ பொருத்தம்.
• முதலில் பார்க்க வேண்டியது திருப்ப ஆரம். நீளம் அதற்கு அடுத்ததுதான்.
• ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் சறுக்குபவருக்கு அசல் பந்தய ஸ்கீ பெரும்பாலும் சரிப்படாது.
• ஸ்கீயை வாடகைக்கு எடுக்கலாம். பூட்ஸை முதலில் சொந்தமாக வாங்குங்கள்.

கார்விங் ஸ்கீ என்றால் என்ன?

ஸ்கீயை மேலிருந்து பார்த்தால் அது நேரான பலகை இல்லை. முனையும் வாலும் அகலமாக இருக்கும், நடுப்பகுதி ஒடுங்கியிருக்கும். அந்த நடுப்பகுதியைத்தான் 'இடுப்பு' என்கிறார்கள். இந்தப் பக்க வளைவு ஒரு பெரிய வட்டத்தின் சிறு பகுதி. ஸ்கீயைச் சாய்த்து விளிம்பில் நின்றால், அது வளைந்து அந்த வட்டத்தின் தடத்திலேயே தானாகத் திரும்பும். பனியில் கத்தியால் கீறியதுபோல் இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் மிஞ்சும். அதுதான் கார்விங்.

இது எப்போதும் இருந்த வசதி இல்லை. 1990களின் தொடக்கம் வரை பெரியவர்கள் பயன்படுத்திய ஸ்கீக்கள் 2 மீட்டரைத் தொடும். பக்க வளைவு மிகக் குறைவு. சுத்தமாகக் கார்விங் செய்வது பந்தய வீரர்களுக்கே உரிய திறமையாக இருந்தது. 1993இல் சுலோவீனியாவின் எலான் நிறுவனம் எஸ்சிஎக்ஸ் என்ற ஸ்கீயை வெளியிட்டது. அதன் வடிவமைப்பில் முக்கியப் பங்கு யூரி ஃபிராங்கோ, பாவெல் ஷ்கோஃபிட்ஸ் ஆகிய பொறியாளர்களுடையது. இடுப்பு ஒடுங்கிய அந்த வடிவத்தைச் சில ஆண்டுகளிலேயே மற்ற நிறுவனங்களும் பின்பற்றின. இன்று கடையில் இருக்கும் எந்த ஸ்கீயிலும் அந்த மாற்றத்தின் சாயலைப் பார்க்கலாம்.

அகலம் குறைந்தால் என்ன லாபம்?

இடுப்பு அகலத்தைத் தோராயமாக இப்படிப் பிரிக்கலாம்:

• 65 – 72 மி.மீ: சமன்செய்த சரிவுக்கான குறுகலான கார்விங் ஸ்கீ
• 74 – 80 மி.மீ: பெரும்பாலும் சமன்செய்த சரிவு, கொஞ்சம் குலைந்த பனியிலும் ஓடும்
• 80 – 95 மி.மீ: எல்லா இடத்துக்கும் என்று விற்கப்படும் 'ஆல்-மவுண்டன்'
• 100 மி.மீக்கு மேல்: ஆழமான புதுப்பனிக்கு

கெட்டியான பனியில் உங்கள் எடை முழுவதும் ஸ்கீயின் ஒரு பக்க உலோக விளிம்பில் நிற்கிறது. இடுப்பு 68 மி.மீ என்றால், அந்த விளிம்பு பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 34 மி.மீ தள்ளியிருக்கிறது. 96 மி.மீ என்றால் 48 மி.மீ. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நெம்புகோல் நீண்டுபோவதால், ஸ்கீயைச் சாய்த்து வைத்திருக்கக் கணுக்காலும் முட்டியும் கூடுதலாகப் பாடுபட வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றவும் நேரம் எடுக்கும்.

குறுகலான ஸ்கீயில் இது தலைகீழ். லேசாகச் சாய்த்தாலே விளிம்பு பிடித்துக்கொள்ளும். அடுத்த திருப்பத்துக்கு மாறுவதும் சட்டென்று நடக்கும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. முட்டி அளவு புதுப்பனியில் இதே ஸ்கீ மிதக்காது, மூழ்கும். மதியத்துக்குமேல் சரிவு உடைந்து குவியல் குவியலாக மாறும்போது முனை மாட்டிக்கொள்ளும்.

ஸ்கீயில் அச்சிட்ட எண்களை எப்படிப் படிப்பது?

ஸ்கீயின் வால் பக்கம் பார்த்தால் "165, 121-68-103, ஆரம் 13" என்பதுபோல ஒரு வரி இருக்கும். 165 என்பது நீளம், சென்டிமீட்டரில். அடுத்த மூன்றும் முனை, இடுப்பு, வால் அகலங்கள், மில்லிமீட்டரில். கடைசியில் இருப்பது ஆரம், மீட்டரில். பலர் தாண்டிப் போகும் அந்தக் கடைசி எண்தான் இங்கே முக்கியம்.

13 மீட்டர் என்றால், பக்க வளைவை அப்படியே நீட்டி வட்டமாக வரைந்தால் அதன் ஆரம் 13 மீட்டர். ஸ்கீயைச் சாய்க்கச் சாய்க்க அது இன்னும் வளையும், திருப்பம் சிறிதாகும். 45 பாகை சாய்த்தால் திருப்பத்தின் ஆரம் சுமார் 9 மீட்டர். 60 பாகை சாய்த்தால் பாதியாக, ஆறரை மீட்டராகக் குறையும்.

இதில் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். திருப்பம் எவ்வளவு சிறியதோ, வெளியே தள்ளும் விசை அவ்வளவு அதிகம். அந்த விசைக்கு ஈடாக உடலைச் சாய்த்துச் சமநிலையில் நிற்க வேண்டும். பள்ளியில் படித்த இயற்பியலை வைத்துக் கணக்குப் போட்டால், 45 பாகைச் சாய்வில் சமநிலை கிடைக்கும் வேகம் தோராயமாக இப்படி வரும்:

• ஆரம் 13 மீட்டர்: மணிக்கு சுமார் 34 கிலோமீட்டர்
• ஆரம் 16 மீட்டர்: மணிக்கு சுமார் 38 கிலோமீட்டர்
• ஆரம் 18 மீட்டர்: மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர்
• ஆரம் 30 மீட்டர்: மணிக்கு சுமார் 52 கிலோமீட்டர்

சரிவின் செங்குத்தும் பனியின் தன்மையும் இந்த எண்களைக் கொஞ்சம் மாற்றும். ஆனால் விஷயம் மாறாது. ஒவ்வொரு ஆரத்துக்கும் அதற்கு ஒத்துப்போகும் ஒரு வேகம் இருக்கிறது. 13 மீட்டர் ஸ்கீயில் மணிக்கு 50 கிலோமீட்டரில் பறந்தால், அது சும்மா இராது. திரும்பு, திரும்பு என்று இழுத்துக்கொண்டே இருக்கும். 18 மீட்டர் ஸ்கீயில் மெதுவாகப் போனால், மரக்கட்டை மாதிரி நேரே போகும். இரண்டு ஸ்கீயிலும் பிழை இல்லை. வேகமும் ஆரமும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அப்போ எத்தனை வகை?

பந்தயத்தில் ஸ்லாலம், ஜெயன்ட் ஸ்லாலம் என்று இரண்டு பிரிவுகள் உண்டு. முதலாவதில் கம்பங்கள் நெருக்கமாக இருக்கும், திருப்பங்கள் சின்னவை. இரண்டாவதில் இடைவெளி அதிகம், திருப்பங்கள் பெரியவை. 2022 பெய்ச்சிங் குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவைப் பிரதிநிதித்த ஜெஃப்ரி வெப், அருவின் சாலெஹுடின் இருவரும் பங்கெடுத்தது இந்த ஆல்பைன் பனிச்சறுக்கில்தான். கடையில் விற்கும் கார்விங் ஸ்கீக்களின் குடும்பமும் இந்த இரண்டிலிருந்தே கிளைக்கிறது.

ஸ்லாலம் வகை. நீளம் 155 – 170 செ.மீ, ஆரம் 11 – 13.5 மீட்டர். சின்னச் சின்னத் திருப்பங்களை விரும்புபவர்களுக்கு. கூட்டமான, குறுகலான சரிவில் இதுதான் வசதி, ஏனென்றால் ஒரு சின்னத் தடத்துக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளலாம். அட்டோமிக் ரெட்ஸ்டர் எஸ்9, ஹெட் வோர்ல்ட்கப் ரெபல்ஸ் இ-எஸ்எல், ரோசிக்னோல் ஹீரோ எலீட் எஸ்டி, ஸ்டொக்லி லேசர் எஸ்எல் போன்றவை இந்த வகை.

ஜெயன்ட் ஸ்லாலம் வகை. நீளம் 170 – 185 செ.மீ, ஆரம் 16 மீட்டரும் அதற்கு மேலும். அகலமான, காலியான சரிவும் நல்ல வேகமும் இருந்தால் இதன் சுகமே தனி. இரண்டும் இல்லாவிட்டால் சுமைதான். அட்டோமிக் ரெட்ஸ்டர் ஜி9, ரோசிக்னோல் ஹீரோ எலீட் எல்டி, ஃபோல்க்ல் ரேஸ்டைகர் ஜிஎஸ் இதற்கு எடுத்துக்காட்டு.

நடுவில் நிற்கும் வகை. ஆரம் 14 – 16 மீட்டர். சின்னத் திருப்பமும் போடலாம், கொஞ்சம் நீட்டியும் இழுக்கலாம். ஸ்டொக்லி லேசர் எஸ்சி, ஹெட் இ-ஸ்பீட் போன்றவற்றை இதில் சேர்க்கலாம். விடுமுறையில் ஒரே ஒரு ஸ்கீயோடு நாள் முழுக்கச் சறுக்குபவர்களுக்கு இந்த வகை பாதுகாப்பான தேர்வு.

ஒரே பெயரில் பல நீளங்கள் வரும். நீளம் மாறினால் ஆரமும் மாறும். அதனால் பெயரை நம்ப வேண்டாம், நீங்கள் எடுக்கும் நீளத்தில் என்ன எண் அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள்.

நான் தேர்ந்தவர்தானே, பந்தய ஸ்கீயே எடுக்கக் கூடாதா?

ஒரே வண்ணத்தில், ஏறக்குறைய ஒரே பெயரில், இரண்டு வேறு ஸ்கீக்கள் இருக்கும். ஒன்று பந்தய விதிகளுக்கு ஏற்பச் செய்தது. மற்றொன்று பொதுமக்களுக்காகக் கொஞ்சம் தளர்த்திச் செய்தது.

அனைத்துலகப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் உயர்மட்டப் போட்டிகளில் ஸ்லாலம் ஸ்கீ ஆண்களுக்குக் குறைந்தது 165 செ.மீ, பெண்களுக்கு 155 செ.மீ இருக்க வேண்டும். ஆண்களுக்கான ஜெயன்ட் ஸ்லாலம் ஸ்கீக்கு 193 செ.மீ நீளமும் 30 மீட்டர் ஆரமும் குறைந்தபட்சம். மேலே உள்ள பட்டியலைத் திரும்பப் பாருங்கள். 30 மீட்டர் ஸ்கீயை 45 பாகையில் சுத்தமாக வளைக்கவே மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். பொதுச் சரிவில், மற்றவர்களின் குழந்தைகளும் சறுக்கும் இடத்தில், நாள் முழுக்க அந்த வேகத்தில் போக முடியுமா?

பந்தய ஸ்லாலம் ஸ்கீயின் ஆரம் சிறியதுதான், ஆனால் விறைப்பு அதிகம். பந்தய வீரரின் விசைக்குத்தான் அது வளையும். சற்றுப் பின்னால் சாய்ந்துவிட்டாலும் மன்னிக்காது. வால் பிடித்துக்கொண்டு உங்களை அது போக நினைக்கும் இடத்துக்கு இழுத்துப் போகும். களைத்துப்போன மூன்றாம் நாள் மதியம் முட்டியில் அடிபட அதுவே போதும்.

உள்ளே என்ன இருக்கிறது?

நல்ல கார்விங் ஸ்கீக்கு நடுவே மரம், அதற்கு மேலும் கீழும் டைட்டனல் தகடு இருக்கும். பெயரைக் கேட்டு டைட்டானியம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஆஸ்திரியாவில் தயாராகும் ஓர் அலுமினியக் கலவை. அதிர்வை அடக்குவதும், ஸ்கீ முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. கெட்டியான பனியில் பிடிமானம் பெரும்பாலும் இந்த முறுக்கு விறைப்பிலிருந்தே வருகிறது.

இன்னொன்று, வளைவு. ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி சற்று மேலே எழும்பி நிற்கும். இதுதான் கேம்பர். நீங்கள் ஏறி நின்றதும் அது தட்டையாகி, விளிம்பின் முழு நீளமும் பனியைத் தொடும். அகலமான ஸ்கீக்களில் முனை முன்கூட்டியே மேல்நோக்கி வளைந்திருக்கும். அது ராக்கர். புதுப்பனியில் மிதக்க உதவும். கார்விங்குக்கு முழு கேம்பர், அல்லது முனையில் மிக லேசான ராக்கர் போதும்.

நீளம் எவ்வளவு?

உயரத்தை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. ஸ்கீயை வளைப்பது உங்கள் எடையும் வேகமும்தான். பொதுவாக, ஸ்லாலம் வகை நிமிர்த்தி வைத்தால் உங்கள் உயரத்தைவிடச் சற்றுக் குறைவாக வரலாம். ஜெயன்ட் ஸ்லாலம் வகை கண்ணிலிருந்து உச்சந்தலை வரை.

172 செ.மீ உயரம், 70 கிலோ எடை உள்ளவருக்கு ஸ்லாலம் வகையில் 165, நடு வகையில் 170ஐ ஒட்டி. 160 செ.மீ உயரம், 54 கிலோ எடை என்றால் 150 – 155, நடு வகையில் 160ஐ ஒட்டி. இரண்டு நீளங்களுக்கு இடையே குழப்பமா? எடை குறைவாக இருந்தால் சிறியதை எடுங்கள்.

எந்த நாட்டுச் சரிவுக்கு?

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து போகிறவர்களுக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஜப்பானின் ஹொக்கைடோ, குறிப்பாக நிசெக்கோ, புதுப்பனிக்குப் பேர்போனது. ஜனவரியில் அங்கே போனால் குறுகலான ஸ்கீ பல நாள்களில் சும்மா கிடக்கும். அதே ஜப்பானில் நகானோ பகுதி வேறு. 1998 ஒலிம்பிக்கின் ஸ்லாலம், ஜெயன்ட் ஸ்லாலம் போட்டிகள் நடந்த ஷிகா கோகனில் நன்கு சமன்செய்த நீண்ட சரிவுகள் உண்டு. ஜப்பானியர்கள் திருத்தமான திருப்பத்துக்கு மதிப்பெண் தந்து தரப்படுத்தும் தேர்வுகளையே நடத்துகிறார்கள். அங்கே குறுகலான ஸ்கீயோடு வருபவரை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

தென்கொரியாவில் இயந்திரத்தால் உண்டாக்கிய பனியே அதிகம். 2018 ஒலிம்பிக்கின் அதே இரு போட்டிகள் நடந்த யோங்பியோங் போன்ற இடங்களில் பனி கெட்டியாக இருக்கும். இத்தாலியின் டோலமைட்ஸ் மலைத்தொடரில் ஒரே அனுமதி அட்டையில் சுமார் 1,200 கிலோமீட்டர் சரிவுகள். அங்கும் சமன்செய்த சரிவுகளே பெரிய ஈர்ப்பு. இந்த இரண்டு இடங்களுக்கும் 65 – 72 மி.மீ ஸ்கீயைத் தயங்காமல் கேட்கலாம்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

பைண்டிங்கோடு சேர்த்து ஒரு நல்ல கார்விங் ஸ்கீ ஆயிரம் யூரோவை ஒட்டி வரும். அதாவது ஆயிரம் வெள்ளிக்கும் மேல். ஆண்டுக்கு ஏழு, எட்டு நாள்தான் பனியைப் பார்ப்பவர்கள் அந்தப் பணத்தை முதலில் பூட்ஸில் போடுவது நல்லது. உங்கள் கால் அசைவை ஸ்கீக்குக் கொண்டுபோவது பூட்ஸ்தான். உள்ளே குதிகால் ஆடினால், எவ்வளவு விலையுயர்ந்த ஸ்கீயும் தாமதமாகத்தான் பதில் சொல்லும். பெட்டியில் எடுத்துச் செல்வதும் சுலபம்.

ஸ்கீயை வாடகைக்கு எடுக்கும்போது 'பிரீமியம்' பிரிவா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். அந்தப் பிரிவில் 90 மி.மீ ஸ்கீயும் இருக்கும், 67 மி.மீ ஸ்கீயும் இருக்கும். இடுப்பு அகலத்தையும் ஆரத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

பிறகு விளிம்பைப் பாருங்கள். நகத்தின் மேற்பகுதியை விளிம்பின் குறுக்கே மெதுவாக இழுத்தால், கூராக இருந்தால் நகத்திலிருந்து மெல்லிய தூள் வரும். வரவில்லையென்றால் தீட்டித் தரச் சொல்லுங்கள். மழுங்கிய விளிம்போடு இருக்கும் உயர்ரக ஸ்கீயைவிட, தீட்டிய சாதாரண ஸ்கீ கெட்டியான பனியில் நன்றாகப் பிடிக்கும்.

பாதுகாப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

விழும்போது பூட்ஸை விடுவிப்பது பைண்டிங். அதன் அளவு எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் விதம் எல்லாவற்றையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. 'நான் வேகமாகப் போவேன்' என்று நீங்களே திருகி இறுக்க வேண்டாம். சரியாக அமைத்த பைண்டிங்கும் முட்டித் தசைநார் காயம் எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அடுத்தது, மற்றவர்கள். கார்விங் செய்பவர் சரிவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்வார், வேகமும் குறையாது. பின்னால் வருபவருக்கு அவர் அடுத்து எங்கே திரும்புவார் என்று தெரியாது. சம்மேளனத்தின் 10 நடத்தை விதிகளில் மூன்றாவது, முன்னால் இருப்பவருக்கே முன்னுரிமை என்கிறது. ஐந்தாவது, சரிவில் நுழையும்போதும், கிளம்பும்போதும், மேல்நோக்கித் திரும்பும்போதும் மேலும் கீழும் பார்க்கச் சொல்கிறது. திருப்பத்தை முழுமையாக முடித்தால் கார்விங் ஸ்கீ உங்களை மேட்டை நோக்கியே கொண்டுபோகும். அப்போது தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கூட்டம் சேரும் பத்து, பத்தரை மணிக்குப் பிறகு திருப்பங்களைச் சிறிதாக்குவது எல்லாருக்கும் நல்லது.

கடைக்குப் போகுமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

• நாளில் பெரும்பகுதி நான் போடுவது சின்னத் திருப்பமா, பெரியதா? சின்னது என்றால் 13 மீட்டரை ஒட்டி. பெரியது, இடமும் இருக்கிறது என்றால் 16க்கு மேல். இரண்டும் என்றால் 14 – 16.
• நான் போகும் இடத்தில் பனி கெட்டியா, புதிதாகப் பொழிந்ததா? வானிலை முன்னுரைப்பில் 20 செ.மீ பனி என்று வந்தால், அன்றைக்கு மட்டும் அகலமான ஸ்கீக்கு மாறிக்கொள்ளலாம்.
• கடைசி நாள் மதியம், கால் வலிக்கும்போதும் இந்த ஸ்கீயை என்னால் வளைக்க முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதுதான் கொஞ்சம் கஷ்டம். 'முடியாது' என்று தோன்றினால், ஒரு படி இறங்கி மென்மையான ஸ்கீயை எடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் இறங்கிய பிறகு திரும்பிப் பாருங்கள். சரிவில் இரண்டு மெல்லிய கோடுகள் சுத்தமாகத் தெரிந்தால், சரியான ஸ்கீயைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.